கோப்பியைக் கொன்ற துரு: கண்டி மலை கற்பித்த பாடம்

(கண்டியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நாம் நிகழ்த்திய உரை)

    

நோயை எதிர்த்து நிற்கும் பயிரினங்களை உண்டாக்குவது பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். கோதுமையைத் தாக்கும் துரு நோயையும், அதை வெல்லும் இனங்களையும் பற்றி உலகெங்கும் பேசப்படுகிறது. "கோதுமை விளையாத நமது நாட்டில் கோதுமைத் துருவைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்துக்கு விடை வெகு தொலைவில் இல்லை. இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும் மலைகளிலேயே இருக்கிறது.

ஹந்தானை மலையிலும், அதற்கப்பால் ஹேவாஹெட்டையிலும் இன்று தேயிலையைக் காண்கிறோம். அது தொன்றுதொட்டே அங்கு இருந்ததென்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியன்று. தேயிலைக்கு முன் அம்மலைகளை மூடி நின்றது கோப்பி. அந்தக் கோப்பிச் செல்வத்தை அழித்தது ஒரு துரு நோய். கோதுமையைத் தின்னும் துருவும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே, துருவைப் பற்றிப் பேசுவதற்குக் கண்டியைக் காட்டிலும் பொருத்தமான இடம் உலகில் வேறில்லை என்று நாம் துணிந்து சொல்வோம்.

நாம் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நோயை வெல்லும் இனம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அது என்றென்றைக்கும் கிடைத்ததாக ஆகாது. அதைத் தேடும் வேலை நின்றுபோனால் நோய் திரும்பி வரும். வரும்போது முதலில் அடிபடுகிறவன் ஏழையே.

பத்து இலட்சம் அந்தர்

1824ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டமொன்றைத் திறந்தார். அக்காலத்தில் தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமும் கோப்பி பயிரிட்டார். பின்னர் காடுகள் வேகமாக வீழ்ந்தன. மலைகள் மொட்டையாயின; மொட்டையான மலைகள் எல்லாம் கோப்பியாயின. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காகவே. 1870இல் இலங்கையிலிருந்து ஏற்றுமதியான கோப்பி ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர்.

இந்தப் பத்து இலட்சம் அந்தரைப் பறித்த கைகள் யாருடையவை? மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் மக்களின் கைகள். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து இம்மலைகளில் ஏறினார்கள். வழியிலே வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானவர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் மிகப் பலர் ஊர் திரும்பினர்.

1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெய்ற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்லி என்னும் பங்கசு ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார். அவர் அதற்கு "ஹெமிலியா வாஸ்ராற்றிக்ஸ்" என்று பெயரிட்டார். இரண்டாம் சொல்லின் பொருள் "பாழ்படுத்துவது" என்பதாகும். பெயரிட்டவர் அறிந்தோ அறியாமலோ தீர்க்கதரிசனம் உரைத்துவிட்டார்!

ஆயின், தோட்டத் துரைமார் முதலில் இதைப் பெரிதாக எண்ணவில்லை. இலை உதிர்ந்தது, மீண்டும் தளிர்த்தது. விளைச்சல் குறைந்தது, ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறியது. ஏறிய விலை இறங்கிய விளைச்சலை மறைத்தது. நோய் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில் புதுப்புதுக் காடுகளை வெட்டி மேலும் கோப்பியையே நட்டார்கள். இலாபம் வரும்வரை நோயைக் கண்டும் காணாதிருக்கும் இந்தக் குணம் அக்காலத்தோடு மறைந்துவிட்டதென்று எம்மாற் சொல்ல முடியவில்லை.

பேராதனைக்கு வந்த விஞ்ஞானி

இலைகளுக்குக் கந்தகமும் சுண்ணாம்பும் இட்டுப் பார்த்தார்கள். பயன் சிறிதே. பின்னர் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றோடு வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இலையின் அடிப்புறத்தில் ஒரு துளி நீர் தங்கினால் அதில் வித்தி முளைக்கிறது. இலைவாய் வழியே உள்ளே நுழைகிறது. சில வாரங்களில் ஆயிரமாயிரம் புதிய வித்திகளாக வெளியே வருகிறது. உள்ளே புகுந்தபின் மேலே தூவும் மருந்து அதைத் தொடாது. இவற்றையெல்லாம் ஐயமறக் காட்டிவிட்டு அவர் 1882இல் திரும்பினார். நோய் எப்படி வருகிறது என்பதை உலகம் அறிந்தது. ஆனால், நோயைத் தாங்கும் கோப்பி மரம் எவரிடமும் இருக்கவில்லை.

1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். தொழிலாளி எந்தக் கப்பலில் ஏறுவான்? சம்பளம் நிலுவையில் நிற்க, வந்த காட்டுவழியே பல குடும்பங்கள் திரும்பி நடந்தன. 1890களில் ஏற்றுமதியான கோப்பி, பழைய பத்து இலட்சம் அந்தரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்போது நாட்டைத் தாங்கியது எது? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டுவைத்த தேயிலை. கோப்பி கொழித்த நாளில் எவரும் பெரிதாக மதிக்காத அந்தச் சிறு துண்டு நிலமே, வேறொரு வழி உண்டு என்பதைக் காட்டிக்கொண்டு நின்றது. கையிலே ஒரு மாற்றுப் பயிர் இருந்ததனால் மலைநாடு தப்பியது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆட்கள் வேண்டும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதனாலேதான் தமிழ்த் தொழிலாளர் குடும்பங் குடும்பமாக லயங்களில் நிலைத்துக் குடியேறினர். இலையிலே விழுந்த ஒரு துரு, ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையே திருப்பிவிட்டது. அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்கே 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தால், பயிர் நோய் என்பது விஞ்ஞானிகளின் கவலை மட்டுமன்று என்பது விளங்கும்.

ஒரு திறவுகோல், ஆயிரம் வீடுகள்

இத்தனை இலட்சம் மரங்களில் நோயைத் தாங்கும் மரங்கள் ஏன் எழும்பவில்லை? இங்கு பயிரானது அரேபிக்கா என்னும் கோப்பி. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக் காய்ப்பது. அரேபியாவிலிருந்து வெளியே சென்ற சிற்சில மரங்களின் வழிவந்தவையே அக்காலத்தில் ஆசியத் தோட்டங்களில் நின்றவை. எனவே மரத்துக்கு மரம் வேற்றுமை மிகக் குறைவு. ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே பூட்டுப் போட்டால், திருடனுக்கு ஒரு திறவுகோல் போதும் அல்லவா? 1870களில் லைபீரியக் கோப்பியைத் தருவித்து அதன்மேல் நம்பிக்கை வைத்தார்கள். சில காலத்தில் அதிலும் துரு ஏறியது.

நோய் எதிர்ப்பைத் திட்டமிட்டு உண்டாக்கலாம் என்பதை அன்று எவரும் அறியார். மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடிகளிற் கண்ட பரம்பரை விதிகள் 1866இலேயே அச்சாகியிருந்தன. மடுல்சீமையில் துரு தோன்றியதற்கு மூன்றாண்டு முன்பே! ஆனால் 1900வரை அவற்றை உலகம் கவனிக்கவில்லை. பின்னர் 1905இல் கேம்பிரிட்ஜில் பிஃபன் என்பவர் கோதுமையில் அவ்விதியைப் பரிசோதித்தார். மஞ்சள் துருவைத் தாங்கும் கோதுமையையும் தாங்காத கோதுமையையும் கலந்தார். முதல் தலைமுறை முழுதும் நோய்ப்பட்டது. பேரப்பிள்ளைத் தலைமுறையிலோ நான்கில் ஒரு பங்கு நோயை எதிர்த்து நின்றது. தாய் தந்தையரின் நிறம் பிள்ளைக்கு வருவது போல, நோயெதிர்ப்பும் பரம்பரையாக வருவது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அதன்பின் வேலை தெளிவாயிற்று. விளைச்சல் மிக்க இனத்தோடு நோய் தாங்கும் இனத்தைக் கலப்பது. பிறந்த செடிகளுக்கு வேண்டுமென்றே நோயைத் தொற்றவிடுவது. தாங்கியவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது. இதையே பல தலைமுறை செய்வது. சொல்வது எளிது, செய்வதற்கோ கோதுமைக்குப் பத்தாண்டளவும், கோப்பி போன்ற மரப் பயிருக்கு அதைவிட நெடுங்காலமும் வேண்டும்.

மைசூரில் 1911ஆம் ஆண்டளவில் கென்ற் என்னும் தோட்டக்காரர், நோய்ப்பட்ட மரங்களுக்கிடையே துரு ஏறாத மரமொன்றைக் கண்டு அதன் விதையைப் பெருக்கினார். "கென்ற்ஸ்" என்று அது புகழ்பெற்றது. ஆனால் சில ஆண்டுகளில் அதன் இலையிலும் செம்மஞ்சட் பொடி தோன்றிற்று. மரம் மாறவில்லை, துரு மாறிவிட்டது! அதே மைசூரில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் மேய்ன் என்பவர், கோப்பித் துரு ஒன்றன்று, பல வகைப்பட்டது என்பதை 1930களில் நிறுவினார். அங்கேயே கென்ற்ஸை இன்னொரு கலப்பினத்தோடு சேர்த்து எஸ் 795 என்னும் இனத்தை உண்டாக்கினர். அது நெடுங்காலம் தாங்கி, பின் அதுவும் தளர்ந்தது. கிழக்குத் தீமோரில் இயற்கையாகவே பிறந்த ஒரு கலப்பு மரத்தின் வழிவந்த கற்றிமோர் இனங்கள் இன்று உலகெங்கும் பயிராகின்றன. அவற்றுள் ஒன்றான லெம்பிரா, ஹொண்டுராஸ் நாட்டில் எதிர்ப்பை இழந்துவிட்டதாக 2017இல் செய்தி வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட கோப்பித் துரு வகைகள் இதுவரை அறியப்பட்டிருக்கின்றன.

நோயின் வீட்டிலே பரீட்சை

கோதுமையின் கதையும் இதுவே. கோதுமைக்குக் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என மூன்று துருக்கள். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருவின் வித்தி உயிர் பிழைக்காது. அப்படியாயின் ஆண்டுதோறும் அது எங்கிருந்து வருகிறது? ஆக்ராவிலிருந்த கே. சி. மேத்தா என்னும் அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்து விடை கண்டார். குளிர்ந்த மலைகளில் அது ஒளிந்திருந்து வருகிறது. கறுப்புத் துருவுக்குப் புகலிடம் நீலகிரியும் பழனி மலையும். அங்கே பிறந்த வித்திகள் காற்றோடும் மழையோடும் மத்திய இந்திய வயல்களைச் சென்றடைகின்றன.

நோயின் வீடு எதுவோ, அதையே பரீட்சை மண்டபமாக்கினார்கள் இந்திய விஞ்ஞானிகள். நீலகிரியில் வெல்லிங்டன் என்னுமிடத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் துரு அங்கே குடியிருப்பதால், புதிய கோதுமைகளை அங்கே நட்டுச் சோதிக்கிறார்கள். பி. பி. பால் என்னும் அறிஞரின் உழைப்பால் 1954இல் என். பி. 809 என்னும் இனம் வெளிவந்தது. மூன்று துருக்களையும் எதிர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது அது. மெக்சிக்கோவில் 1944 முதல் உழைத்த நோர்மன் போர்லாக், ஆண்டுக்கு இரு போகம் வெவ்வேறு இடங்களிற் பயிரிட்டுத் துருவை எதிர்க்கும் கோதுமைகளை விரைவாக உண்டாக்கினார். அவற்றின் விதைகள் 1960களில் இந்தியாவுக்கு வந்து பஞ்சத்தை விரட்டின. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அப்பணியில் முன்னின்றார் என்பது தமிழர் யாவரும் அறிந்ததே.

அத்தோடு வெற்றி முடிந்ததா? இல்லை. ரை என்னும் தானியத்திலிருந்து கோதுமைக்குள் கொண்டுவந்த ஓர் எதிர்ப்பு, பல்லாண்டு காலம் கறுப்புத் துருவை அடக்கி வைத்திருந்தது. அந்த நம்பிக்கையில் உலகம் கண்ணயர்ந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணமும் குறைந்தது. 1998இல் உகண்டாவில் அந்த எதிர்ப்பை உடைக்கும் துரு வகை கண்டுபிடிக்கப்பட்டது. யூஜி 99 என்று அதற்குப் பெயர். கென்யா, எத்தியோப்பியா, யேமன், ஈரான் என்று அது பரவியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையிலும் போர்லாக் மீண்டும் எழுந்து உலகை எச்சரித்தார். கென்யாவில் நோயின் வாயிலேயே பல நாட்டுக் கோதுமைகளைச் சோதித்து, புதிய இனங்களைத் தேர்ந்தார்கள். இன்று விஞ்ஞானிகள் ஒரு பெரும் பூட்டை மட்டும் நம்புவதில்லை. நோயை முற்றாகத் தடுக்காவிட்டாலும் மெதுவாக்கும் சிறு சிறு எதிர்ப்புகள் பலவற்றை ஒரே செடியிற் சேர்க்கிறார்கள். ஒரு கதவுக்கு ஐந்து தாழ்ப்பாள் போடுவது போன்றது இது.

நாம் செய்ய வேண்டியவை

பெருமக்களே! இவை யாவும் எங்கோ நடப்பவை என்று எண்ணாதீர்கள். நாம் உண்ணும் பாணுக்குரிய கோதுமை முழுவதும் கப்பலில் வருகிறது. 2022இல் பாணின் விலை ஏறியபோது தோட்ட லயங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கென்யாவிலோ இந்தியாவிலோ கோதுமைக்கு வரும் நோய், நம் வீட்டுச் சட்டியிலும் பசியாக வந்து விழும்.

நமது நெல்லும் இதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவான எச் 4 நெல்லை முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபந்த நோயைத் தாங்கி விளைந்த அந்த நெல், வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ களஞ்சியங்களை நிரப்பியது. அதற்குத் தகப்பனும் தாயுமாக நின்றவை முருங்கக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லும், இந்தோனேசிய நெல்லொன்றும் ஆகும். பழைய நெல் அன்று அழிந்திருந்தால், புதிய நெல் எங்கிருந்து பிறந்திருக்கும்?

ஆகவே நாம் நான்கு காரியங்களை வலியுறுத்துகிறோம்.

ஒன்று: பழைய இனங்களைக் காப்பாற்றுங்கள். பார்ன்ஸ் தேசாதிபதி கோப்பி நட்ட அதே கன்னொறுவையில், 1988இல் நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையம் இருக்கிறது. விதைகள் அங்கே குளிரறைகளிற் பாதுகாக்கப்படுகின்றன. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற நெற்களை வைத்திருக்கும் கமக்காரர், தம் வயலிலும் ஒரு மூலையில் அவற்றைத் தொடர்ந்து விதைத்து வருதல் வேண்டும். அது பழமைப்பற்று அன்று; நாளைய நோய்க்கு இன்றே தேடும் மருந்து.

இரண்டு: ஒரே இனத்தை நம்பி முழு நிலத்தையும் விதையாதீர்கள். விலை நன்றாயிருக்கும் ஆண்டில் இந்த அறிவுரை கசக்கும். 1870களில் துரைமாருக்கும் கசந்தது.

மூன்று: உங்கள் கண்ணே முதற் காவல். கண்டிச் சுற்றூர்களில் வீட்டுத் தோட்டங்களிலே கோப்பி இன்றும் நிற்கிறது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். செம்மஞ்சட் பொடி அங்கே இருக்கும். சூழ நிற்கும் மரங்கள் இலை உதிர்க்க, ஒரு மரம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பசுமையாய் நின்றால், அதைக் குறித்து வையுங்கள். நிழலால் தப்பியதா, பிறப்பால் தப்பியதா என்பதை அதன் விதையில் முளைத்த நாற்றுகளைச் சோதித்தே அறிய முடியும். அதற்காகவே ஆராய்ச்சி உத்தியோகத்தர் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லுங்கள்.

நான்கு: இது அரசாங்கத்தை நோக்கி நாம் விடுக்கும் கோரிக்கை. நோய் வந்தபின் விசாரணைக் குழு அமைப்பது எளிது. வருமுன் ஆராய்ச்சி நிலையங்களைத் தளராது நடத்துவதே கடமை. விளைச்சல் நன்றாயிருக்கும் ஆண்டில் ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுவது, மழையில்லாத நாளில் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். அன்றியும், நோயைப் பற்றிய எச்சரிக்கையும் புதிய இனங்களைப் பற்றிய விளக்கமும் தமிழ்க் கமக்காரனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அவரவர் மொழியில், காலந்தாழ்த்தாது கிடைத்தல் வேண்டும். இலையை முதலில் தொடுகிறவள் கொழுந்து பறிக்கும் பெண். அவளுக்கு விளங்காத மொழியில் எழுதிய அறிவித்தலால் நாட்டுக்கு என்ன பயன்?

படித்த அன்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். மார்ஷல் வார்ட் கண்ட உண்மைகள் அரசாங்க அறிக்கைகளாக அச்சாயின. அவை தொழிலாளியின் காதுக்கு அவன் மொழியில் எட்டியிருக்க வழியில்லை. அந்த இடைவெளியை இன்றாவது நிரப்ப வல்லவர்கள் நீங்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயல் வரப்புக்கும் நடுவே தூதராக நில்லுங்கள்.

அடுத்த துரு எந்தப் பயிரில் விழும் என்று எவரும் அறியார். விழும் நாளில் நம் கையில் மாற்று விதை இருக்குமா, இராதா என்பதை இன்று நாம் செய்யும் வேலையே தீர்மானிக்கும்.